கட்டடத்தின் மேல் யார் பெயர்? பல்கலைக்கழகங்கள் பெயர் சூட்டும் கதை

எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் பார்த்துப் பெரும் பணம் சேர்த்தார். அந்த விவகாரத்திலேயே பதவியும் போயிற்று. பிறகு லண்டனில் வயதான காலத்தில் அவருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பாஸ்டனைச் சேர்ந்த காட்டன் மேதர் என்ற பாதிரியார். கனெக்டிகட்டில் ஒரு சின்னக் கல்லூரி கட்டடம் கட்ட முடியாமல் திணறுகிறது, நீங்கள் உதவினால் உங்கள் பெயரையே வைக்கலாம், அது எகிப்தியப் பிரமிடைவிட நல்ல நினைவுச்சின்னமாக இருக்கும் என்று அதில் ஆசை காட்டியிருந்தார்.

யேல் ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், அரசர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்று ஆகியவற்றை அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. 1718இல் நியூ ஹேவனில் எழுந்த புதுக் கட்டடத்துக்கு 'யேல் கல்லூரி' என்று பெயர் வைத்தார்கள். கட்டடத்தின் பெயரே கொஞ்ச காலத்தில் கல்லூரியின் பெயராகி, பிறகு பல்கலைக்கழகத்தின் பெயரும் ஆனது. யேல் அங்கே படித்தவரில்லை, அந்தக் கட்டடத்தைக் கண்ணால் பார்த்தவருமில்லை. இத்தனைக்கும் அந்தக் கல்லூரிக்காக லண்டனில் அலைந்து 800க்கும் மேற்பட்ட புத்தகங்களைத் திரட்டிக் கொடுத்தவர் ஜெரமையா டம்மர் என்ற இன்னொருவர். அவர் பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குப் பெயர் வைப்பதில் இன்றுவரை வருகிற எல்லாச் சிக்கலும் இந்த ஒரு கதையிலேயே இருக்கிறது. கேட்டவர் யார், கொடுத்தவர் யார், எவ்வளவு கொடுத்தார், பணம் எப்படி வந்தது, உண்மையில் உழைத்தவர் யார், பெயர் எதுவரை நீளும் என்று ஒவ்வொன்றும் இன்றைக்கும் எழுகிற கேள்விதான்.

இரண்டு வகைப் பெயர்

ஒரு வளாகத்தில் நடந்துபோகும்போது கண்ணில் படும் பெயர்களை இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒன்று பணம் கொடுத்ததற்காக வைத்த பெயர். மற்றது பணத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் பெருமைக்காக வைத்த பெயர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், எழுத்தின் அளவுகூட ஒன்றுதான். ஆனால் பின்னால் இருக்கும் காகிதங்கள் வேறு.

பணத்துக்கான பெயருக்கு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இருக்கும். பெருமைக்கான பெயருக்கு ஆட்சிக்குழுவின் தீர்மானம் மட்டும் இருக்கும். தீர்மானத்தை இன்னொரு தீர்மானத்தால் மாற்றலாம். ஒப்பந்தத்தை அப்படித் தன்னிச்சையாக மாற்ற முடியாது, எதிர்த்தரப்பு நீதிமன்றம் போகும். பெயர் மாற்றச் சண்டைகளைப் பற்றிச் செய்தி படிக்கும்போது, இது எந்த வகைப் பெயர் என்று முதலில் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டும் கலந்தவையும் உண்டு. படித்த இடத்துக்கே பணம் கொடுக்கிற முன்னாள் மாணவர்கள் இந்த ரகம். சென்னை ஐஐடியில் 1970இல் எம்.டெக். முடித்த கிருஷ்ணா சிவுகுலா 2024இல் 228 கோடி ரூபாய் கொடுத்தார், அங்கே ஒரு கல்விக் கட்டடம் 'கிருஷ்ணா சிவுகுலா பிளாக்' ஆனது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் உள்ள டாட்டா ஹாலும் அப்படித்தான். 1975இல் அங்கே உயர்நிலை மேலாண்மைப் பயிற்சி பெற்றவர் ரத்தன் டாட்டா. 2010இல் டாட்டா நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் 5 கோடி டாலர் கொடுத்தன. இந்த மாதிரி இடங்களில் பெயர் சாதனைக்கா, பணத்துக்கா என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். நன்றாகச் சம்பாதித்தவர்தான் சிறந்த மாணவர் என்ற கணக்கு, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே இதில் நுழைந்துவிடுகிறது.

பணம் எங்கே போகிறது

ஒருவர் பெயர் கட்டடத்தில் இருந்தால் முழுச் செலவும் அவருடையது என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் அப்படி இல்லை. கட்டுமானச் செலவில் ஒரு நல்ல பங்கு வந்தால் போதும் என்றுதான் பல பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன. மீதி அரசு மானியம், கடன், மாணவர் கட்டணம் என்று பல பக்கமிருந்து வரும். அவற்றுக்குப் பலகை கிடையாது.

பெயர் வைக்கக் கிடைக்கும் பொருள்களுக்கு ஒரு படிநிலையும் உண்டு. அரங்கத்து நாற்காலி, வகுப்பறை, ஆய்வகம், ஒரு தளம், முழுக் கட்டடம், ஒரு துறை, பல துறைகள் சேர்ந்த ஒரு பள்ளி, அதற்கும் மேலே பல்கலைக்கழகமே. மேலே ஏற ஏறத் தொகை ஏறும். அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கே பெயர் வைப்பதென்றால் அநேகமாகப் பல கோடி டாலர் கணக்கில்தான் பேச்சு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளி 2015இல் 'டாண்டன் பள்ளி' ஆனபோது சந்திரிகா, ரஞ்சன் டாண்டன் தம்பதி கொடுத்தது 10 கோடி டாலர். சந்திரிகா சென்னைக்காரர், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய தங்கை இந்திரா நூயி 2016இல், தாம் படித்த யேல் மேலாண்மைப் பள்ளியில் முதல்வர் பதவிக்கே நிதி வைத்தார். இப்போது அந்தப் பதவியின் பெயர் 'இந்திரா கே. நூயி டீன்'. சென்னையிலிருந்து போன பணத்தில் பெயர் பெற்ற கல்லூரி, சுமார் 300 ஆண்டு கழித்து ஒரு பதவிக்குச் சென்னைப் பெண்ணின் பெயரை வைத்துக்கொண்டது.

பதவிக்கு எப்படி நிதி வைப்பது? இதைப் புரிந்துகொள்ளச் சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளை நினைத்துக்கொள்ளலாம். நந்தா விளக்கு எரிக்க வேண்டுமென்றால் நெய்யைக் கொண்டுபோய்க் கொட்டமாட்டார்கள், தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கொடுப்பார்கள். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டு சொல்லும். கிழட்டு ஆடு போனால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையக் கூடாது. இடையர் அதன் பாலிலிருந்து தினம் இவ்வளவு நெய் அளக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் நிலைநிதி என்று வைத்திருப்பது அதே ஏற்பாடுதான். முதலைத் தொடாமல் முதலீட்டில் போட்டு, வருகிற வருமானத்தில் ஒரு பேராசிரியருக்குச் சம்பளமோ மாணவருக்கு உதவித்தொகையோ கொடுப்பார்கள். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக உலகம் முழுக்கத் தமிழர்கள் திரட்டிய 60 லட்சம் டாலர் இப்படித்தான் இருக்கிறது. தமிழக அரசும் அதற்கு 10 கோடி ரூபாய் கொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பணத்துக்கு யார் பெயரை வைப்பது? அந்தப் பதவிக்குச் 'சங்கப் பேராசிரியர்' என்று பெயர் அமைந்தது. இந்த விஷயத்தில் நான் பார்த்த நல்ல முடிவுகளில் இது ஒன்று.

கட்டடத்துக்குக் கொடுப்பதற்கும் நிலைநிதிக்குக் கொடுப்பதற்கும் இங்கேதான் வேறுபாடு. கட்டடம் பணத்தை ஒரே தடவையில் விழுங்கிவிடும். அப்புறம் கூரை ஒழுகும், லிஃப்ட் பழுதாகும், அதற்கெல்லாம் பல்கலைக்கழகம்தான் செலவழிக்க வேண்டும். விவரம் தெரிந்த பல்கலைக்கழகங்கள் கட்டட நன்கொடையிலேயே பராமரிப்புக்கென்று ஒரு பகுதியைத் தனியாகக் கேட்டு வாங்கிவிடும்.

காகிதத்தில் என்ன இருக்கும்

பெயர் வைப்பதை ஒரு ஆளாக முடிவுசெய்ய முடியாது. நன்கொடை திரட்டும் அலுவலகம் பேசி முடித்தாலும், ஒரு குழு பார்த்து, சிண்டிகேட் அல்லது ஆட்சிக்குழு ஒப்புதல் தர வேண்டும். பதவியில் இருக்கும் அதிகாரி, அரசியல்வாதி பெயர்களை வைப்பதில்லை என்றும், இறந்து சில ஆண்டு போன பிறகே பெருமைப் பெயர் வைப்போம் என்றும் பல இடங்களில் விதி உண்டு. ஆறப்போடுவதில் அர்த்தம் இருக்கிறது. செத்த வீட்டு உணர்ச்சியில் எடுக்கிற முடிவும், பதவிக்குப் பயந்து எடுக்கிற முடிவும் நிலைப்பதில்லை.

ஒப்பந்தத்தில் சில கேள்விகளுக்குப் பதில் இருந்தே ஆக வேண்டும். பெயர் எத்தனை ஆண்டுக்கு? கட்டடத்தை இடித்தால் புதுக் கட்டடத்துக்கும் அதே பெயரா? பெரிய தொகை பெரும்பாலும் தவணையில்தான் வரும், தவணை நின்றுபோனால் என்ன செய்வது? கொடுத்தவர் குற்றவாளி என்று தீர்ப்பானால் பெயரை எடுக்கலாமா, எடுத்தால் பணத்தைத் திருப்ப வேண்டுமா? பாடத்திட்டத்திலும் ஆசிரியர் நியமனத்திலும் கொடுத்தவர் தலையிட முடியாது என்று எழுதியிருக்கிறதா? நன்கொடைக்குக் கிடைக்கும் வரிச்சலுகை தனிக்கதை. அமெரிக்க வரிச் சட்டத்தில், பலகையில் பெயர் போடுவதைப் பொதுவாகப் பிரதிபலனாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

'என்றென்றும்' என்ற சொல்லை ஒப்பந்தத்தில் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். நியூயார்க் மாநிலத்தில் பால் ஸ்மித் கல்லூரி என்று ஒரு சிறிய கல்லூரி. தந்தையின் நினைவாக மகன் ஃபெல்ப்ஸ் ஸ்மித் உயில் எழுதிவைத்த சொத்தில் உருவானது. கல்லூரிக்கு எக்காலத்துக்கும் அந்தப் பெயர்தான் இருக்க வேண்டும் என்பது உயிலின் நிபந்தனை. 2015இல் ஜோன் வைல் என்பவர் 2 கோடி டாலர் தர முன்வந்தார், கல்லூரிப் பெயரில் தம் பெயரையும் முன்னால் சேர்க்க வேண்டும் என்றார். கல்லூரிக்கோ பணம் அவசரம். நீதிமன்றம் உயிலை மீற முடியாது என்றது. பெயர் இல்லையென்றால் பணமும் இல்லை என்று நன்கொடையும் போய்விட்டது. இறந்துபோனவரின் சொல் உயிரோடிருப்பவரின் காசோலையை வென்ற வழக்கு என்று இதைச் சொல்லலாம். கல்லூரி நிர்வாகத்துக்கு அது வெற்றியாகத் தெரிந்திருக்காது.

இதைவிட விசித்திரமானது டென்னசியில் நடந்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக வளாகத்தில் 'கான்ஃபெடரேட் நினைவு மண்டபம்' என்றொரு மாணவர் விடுதி இருந்தது. அடிமைமுறையைக் காக்க உள்நாட்டுப் போரில் இறங்கிய தென்மாநிலங்களின் நினைவாக, 1933இல் ஒரு பெண்கள் அமைப்பு 50,000 டாலர் திரட்டிக் கொடுத்ததில் வந்த பெயர். 2002இல் பல்கலைக்கழகம் 'கான்ஃபெடரேட்' என்ற சொல்லை நீக்கப் பார்த்தது. அமைப்பு வழக்குப் போட்டது. பெயரை எடுப்பதென்றால் அன்று வாங்கிய பணத்தை இன்றைய மதிப்பில் திருப்பிக் கொடுங்கள் என்று 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2016இல் பெயர் வெளியிட விரும்பாத சிலர் தந்த 12 லட்சம் டாலரைக் கொடுத்துத்தான் அந்த ஒரு சொல்லைக் கட்டடத்திலிருந்து எடுக்க முடிந்தது. ஒரு பெயரை வைக்கப் பணம் கொடுப்பார்கள், எடுக்கவும் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

கொடுத்தவரே பின்னாளில் சிக்கலில் மாட்டுவதும் உண்டு. நியூஜெர்சியில் உள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழகம் தன் முன்னாள் மாணவரும் டைக்கோ நிறுவனத் தலைவருமான டென்னிஸ் கோஸ்லோவ்ஸ்கியின் பெயரைக் கட்டடத்தில் வைத்திருந்தது. 2005இல் நிறுவனப் பணத்தைச் சுருட்டிய வழக்கில் அவர் குற்றவாளியானார், கட்டடம் 'ஜூபிலி ஹால்' ஆனது. அந்தப் பெயரில் யாரையும் கைதுசெய்ய முடியாது. சென்னை ஐஐடி தன் விடுதிகளுக்குக் காவிரி, கங்கை, நர்மதை என்று ஆறுகளின் பெயரை வைத்ததன் புத்திசாலித்தனம் இந்த மாதிரி நேரத்தில்தான் புரிகிறது.

பலரைப் போதைக்கு அடிமையாக்கியது என்று புகாருக்கு ஆளான ஆக்சிகான்டின் வலி மாத்திரையால் பணம் குவித்த சாக்லர் குடும்பத்தின் பெயரை டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2019இலும், ஆக்ஸ்ஃபோர்டு 2023இலும் தங்கள் கட்டடங்களிலிருந்து அகற்றின. ஹார்வர்டு மட்டும் 2024இல் தன் ஆர்தர் சாக்லர் அருங்காட்சியகத்தின் பெயரை மாற்ற மறுத்துவிட்டது. ஆர்தர் 1987இலேயே இறந்துபோனார், அந்த மாத்திரை சந்தைக்கு வந்தது 1996இல். ஒரே குடும்பப் பெயர், ஒரே புகார், இரண்டு முடிவுகள். எனக்கு இரண்டும் நியாயமாகத்தான் படுகின்றன.

படித்தவருக்கு மரியாதை

இனி பணம் கலக்காத பெயர்கள். மறுபடியும் யேலுக்கே போகலாம். அங்கே 1930களில் தொடங்கிய ஒரு மாணவர் இல்லத்துக்குக் கால்ஹூன் கல்லூரி என்று பெயர். ஜான் கால்ஹூன் 1804இல் யேலில் பட்டம் பெற்றவர், அமெரிக்கத் துணை அதிபர் வரை போனவர், அடிமைமுறை நல்லது என்று வாதாடியவர். அங்கே தங்கிப் படித்த கறுப்பின மாணவர்கள் தினமும் அந்தப் பெயரின் கீழ்தான் நுழைந்து வந்தார்கள். 2016இல் பெயரை மாற்ற முடியாது என்று அறிவித்த நிர்வாகம், எதிர்ப்பு வலுக்கவே ஒரு குழு அமைத்து நெறிமுறைகள் வகுத்தது. 2017இல் முடிவு மாறி, அது கிரேஸ் ஹாப்பர் கல்லூரி ஆனது. ஹாப்பர் 1934இல் அங்கே கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், கணினி நிரல்மொழிகளின் முன்னோடிகளில் ஒருவர், கடற்படையில் ரியர் அட்மிரல். ஒரு முன்னாள் மாணவரின் இடத்தில் இன்னொரு முன்னாள் மாணவர்.

அதே ஆண்டு யேல் இரண்டு புது இல்லங்களையும் திறந்தது. ஒன்றுக்கு அங்கே சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற குடிமை உரிமைப் போராளி பாலி மரேயின் பெயர். இன்னொன்றுக்குப் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பெயர். ஃபிராங்க்ளின் யேலில் படித்ததே இல்லை, கௌரவப் பட்டம் மட்டும் வாங்கியவர். பிறகு ஏன்? 25 கோடி டாலர் கொடுத்த முன்னாள் மாணவர் சார்லஸ் ஜான்சனுக்கு ஃபிராங்க்ளினை ரொம்பப் பிடிக்கும். தன் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் தனக்குப் பிடித்தவர் பெயரைக் கேட்டார். இது அடக்கமா, அதிகாரமா என்று மாணவர்கள் அப்போது சண்டை போட்டார்கள். பார்த்தீர்களா, பணத்துக்கான பெயர் சில நேரம் பெருமைக்கான பெயரின் வேஷத்தில் வரும்.

தமிழ்நாட்டில் நடப்பது கொஞ்சம் வேறு மாதிரி. பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்து வழக்குகளில் கிடந்து, அரை நூற்றாண்டு கழித்து 1842இல்தான் பள்ளியானது. அவர் பெயரில் வளர்ந்த பச்சையப்பன் கல்லூரியில் படித்தவர் அண்ணாதுரை. அண்ணாவின் பெயரில் 1978இல் அமைந்தது அண்ணா பல்கலைக்கழகம். முதல் பெயர் கொடையால் வந்தது, இரண்டாவது அரசின் சட்டத்தால் வந்தது. அதே 1978இல் மதுரைப் பல்கலைக்கழகம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. காமராசர் கல்லூரிப் படியே மிதிக்காதவர். எத்தனையோ பேர் பள்ளிப் படி ஏற வழிசெய்தவர் என்பதால் யாருக்கும் அது உறுத்தவில்லை. படித்தவர்தான் பெயருக்கு உரியவர் என்று கட்டாயமில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

செட்டிநாட்டுக் கொடைகளைச் சொல்லாமல் விட முடியாது. அண்ணாமலை செட்டியார் தாம் சிதம்பரத்தில் நடத்திவந்த கல்லூரிகளையும் 20 லட்சம் ரூபாயையும் கொடுத்து, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. 2013இல் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது, பெயரைத் தொடவில்லை. அழகப்ப செட்டியாரின் கொடையில் 1944இல் கிண்டியில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரியை எல்லோரும் 'ஏ.சி. டெக்' என்றுதான் சொல்கிறோம். அந்த ஏ.சி. யார் என்று தெரியாமலே பட்டம் வாங்கியவர்கள் இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன். எவ்வளவு பெரிய பெயரானாலும் மாணவர்கள் வாயில் இரண்டு எழுத்தாகச் சுருங்கிவிடும், எந்த ஒப்பந்தமும் அதைத் தடுக்காது.

இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழக விடுதிகளுக்குப் பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரர்களின் பெயர்கள் உண்டு. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 வாக்கிலேயே இயக்கம் நடத்தியவர் அருணாசலம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கு, அது வளாகமாகத் தொடங்கியபோது முதல் தலைவராக இருந்த பேராசிரியர் கைலாசபதியின் நினைவு. பெயருக்கு உரியவர் அந்த இடத்துக்கு என்ன செய்தார் என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடிகிறது. இப்படிப்பட்ட பெயர்களே எனக்குப் பிடித்தவை.

கடைசியாக விஸ்கான்சின். அங்குள்ள மேடிசன் வளாகத்து வணிகப் பள்ளிக்கும் பெரிய தொகைக்குப் பெயரை விற்கும் நேரம் வந்தது. 2007இல் 13 முன்னாள் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து 8.5 கோடி டாலர் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: குறைந்தது 20 ஆண்டுக்குப் பள்ளிக்கு யார் பெயரையும் வைக்கக் கூடாது, விஸ்கான்சின் வணிகப் பள்ளியாகவே இருக்க வேண்டும். அந்த 20 ஆண்டு 2027இல் நிறைகிறது.